சிவப்புக் கிண்ணம்

எங்கள் இல்லத்துக்கு ஆய்வு வருகிறது என்றால் முதலில் மாறுவது சுவர். பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைக்கும். அப்புறம் திரைச்சீலை, அப்புறம் கால்மிதி, கடைசியில் எங்கள் சட்டை. அந்த முறை கிண்ணங்களும் மாறின. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

நான் அங்கே சமையல்காரி. பதினாறு வருஷமாக அதே அடுப்பு, அதே வாய். என் வாயைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். இல்லத்தில் இருபத்திரண்டு பேர் தங்கியிருக்கிறார்கள். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று அலுவலகக் காகிதத்தில் இருக்கும். அடுப்படியிலிருந்து பார்க்கிற எனக்கு அவர்கள் இருபத்திரண்டு வயிறு, இருபத்திரண்டு பிடிவாதம். ஒருத்தருக்குச் சூடு ஆகாது, இன்னொருத்தருக்கு ஆறினால் ஆகாது. இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு அலுத்துக்கொள்கிறவர்கள் ஒருநாள் என் பக்கம் வந்து நின்று பார்க்கலாம்.

அவர்களில் ஒருவர் மேஸ்திரி. நாற்பத்தெட்டு வயது, ஆறடி உயரம், வாய் நிறையப் பல். கட்டட வேலை எதுவும் செய்தவர் இல்லை. எதைப் பார்த்தாலும் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டிப் பார்ப்பார். சுவர், கதவு, பூசணிக்காய், புதிதாக வருகிறவர்களின் தோள், எதையும் விட மாட்டார். தட்டிவிட்டுத் தலையை ஆட்டினால் பாஸ். அப்படி வந்த பெயர்தான் மேஸ்திரி. பேச்சு வராது. 'ம்' என்று ஒரே சத்தம், அதையே பத்து விதமாகச் சொல்வார்.

சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. அதற்கு மரக்கதவு. அந்த வழியாகத்தான் நான் சாப்பாடு கொடுப்பேன். சாப்பிட்டு முடித்ததும் மேஸ்திரி தன் கிண்ணத்தைத் தானே எடுத்துவந்து அந்தக் கதவைத் தட்டுவார். அது திறந்துதான் கிடக்கும். இருந்தாலும் தட்டுவார்.

"யாரது?" என்று அதட்டுவேன்.

"ம்."

"ஓ, மேஸ்திரியாரா! வேலையெல்லாம் முடிஞ்சுதா?"

சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டுவார். தினமும் இதே கூத்து. ஒருநாள் நான் மறந்து பேசாமல் வாங்கிக்கொண்டேன். கிண்ணத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு போய், முதலிலிருந்து நடந்துவந்து, மறுபடி தட்டினார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிப் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். விழுங்குகிற தசை மந்தமாகிவிட்டது, சாப்பாடு மூச்சுக் குழாய்க்குள் போகிறது என்றார் டாக்டர். இனி எதுவானாலும் குழைய மசித்துத்தான் கொடுக்க வேண்டும். "ஒரு துண்டு சிக்கினாப் போதும்மா, ஆளு போயிடுவாரு" என்று என்னைப் பார்த்தே சொன்னார். அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் கிண்ணங்கள் வாங்கிவந்தேன். சிவப்பு என்றால் மசித்தது. நீலம் என்றால் பொடியாக நறுக்கியது. மஞ்சள் என்றால் எல்லோரும் சாப்பிடுகிற மாதிரி. சிவப்பு மூன்றே பேருக்கு. வேலைக்கு யார் புதிதாக வந்தாலும் அரை நிமிஷத்தில் புரிந்துவிடும். இதை நான் எங்கும் எழுதி ஒட்டவில்லை. கண்ணெதிரே சிவப்பாக இருப்பதை எதற்கு எழுத வேண்டும் என்று இருந்துவிட்டேன். டாக்டரின் கடிதம் அலுவலக அலமாரியில், ஃபைலுக்குள் பத்திரமாக இருந்தது. பத்திரம் என்றால் யாரும் தொடாத பத்திரம்.

ஆய்வுக்கு முந்தின நாள் மேடம் சமையலறைக்கு வந்தார். மேடம் என்றால் இல்லத்தின் பொறுப்பாளர். கெட்டவர் இல்லை. குளிக்கிற அறையில் வெந்நீர்க் குழாய் போட வேண்டுமென்று நிர்வாகத்திடம் ஒன்றரை வருஷம் மல்லுக்கு நின்று வாங்கிக்கொடுத்தவர். ஆனால் போன ஆய்வில் மதிப்பெண் குறைந்துபோயிருந்தது. இன்னொரு முறை குறைந்தால் இல்லத்தை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. அந்தப் பயம் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இந்தப் பிளாஸ்டிக் எல்லாத்தையும் மேல பரண்ல ஏத்திடுங்க. புதுசா வெள்ளைப் பீங்கான் வாங்கியிருக்கேன்."

"மேடம், கலர் இல்லாம எப்படி..."

"ஆளுக்கொரு கலர்னா, இவங்களைத் தரம் பிரிச்சு வெச்சிருக்கோம்னு எழுதிடுவாங்க. போன தடவையே ஒரு மாதிரி பார்த்தாங்க."

"தரம் பிரிக்கிறதுக்கு இல்ல மேடம். தொண்டைக்குப் பிரிச்சிருக்கு."

"எனக்குத் தெரியாதா அக்கா? ஒருநாள்தானே! நீங்க பார்த்துக் கொடுத்துட மாட்டீங்களா?"

அந்தக் கடைசி வார்த்தையில் நான் குளிர்ந்துபோனேன். புகழ்ந்தால் உச்சி குளிர்ந்துவிடுகிற ஜென்மம் நான். பரணில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. எங்கள் இல்லத்தில் பகலில் ஏழு பேர் பராமரிப்பு வேலையில் இருக்க வேண்டும். இருப்பது நாலு பேர். கணக்கைச் சரிக்கட்ட, இதே நிர்வாகத்தின் இன்னொரு இல்லத்திலிருந்து மூன்று பெண்களை ஒருநாளைக்கு அழைத்து வந்திருந்தார்கள். மூவரும் இஸ்திரி போட்ட சட்டையில் பளிச்சென்று இருந்தார்கள். மேஸ்திரியை வருஷக்கணக்காகக் கவனிக்கிற குண்டுத் தம்பியை வாசலில் நிறுத்திவிட்டார்கள், ஆய்வாளரை வரவேற்க. முழுக்கைச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு அவன் மூச்சுவிடவே திணறிக்கொண்டிருந்தான்.

பதினொன்றரைக்கு மேடம் மறுபடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஜன்னலை மூடிடுங்க அக்கா. உள்ள ஒரே கரி. சாப்பாடெல்லாம் தள்ளுவண்டியில பக்கத்துக் கதவு வழியா போகட்டும். நான் வந்து சொல்ற வரைக்கும் யாரு கேட்டாலும் திறக்காதீங்க. நீங்களும் கூடத்துக்கு வர வேணாம்."

"நான் வந்தா என்னவாம்?"

"உங்க வாய்தான்க்கா."

மூடினேன். கொக்கியும் போட்டேன். பன்னிரண்டரைக்கு இருபத்திரண்டு வெள்ளைக் கிண்ணங்களும் தள்ளுவண்டியில் ஏறின. கோழி, உருளைக்கிழங்கு, கேரட். மசித்த மூன்றையும் மேல்தட்டில் ஓரமாகத் தனியே வைத்தேன். வண்டியைத் தள்ள வந்தவள் அந்த இரவல் பெண்களில் ஒருத்தி. கெட்டிக்காரிதான், சுறுசுறுப்பு முகத்திலேயே தெரிந்தது.

"இந்த மூணும் மசிச்சது. மேஸ்திரிக்கு ஒண்ணு..."

"யாருக்கா மேஸ்திரி?"

"உயரமா, சுவத்தைத் தட்டிக்கிட்டே..."

"சீக்கிரம்! மேடம் கூப்பிடறாங்க!" என்று வெளியிலிருந்து யாரோ கத்தினார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே ஓடியிருக்கலாம். கூடத்துக்கு வராதே என்று சொன்னது ரோஷமாக இருந்தது. போங்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டேன். ரோஷத்துக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா?

இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஜன்னல் கதவில் இரண்டு தட்டல்.

மேஸ்திரி. வேறு யார் தட்டப்போகிறார்கள்? வாய் வரைக்கும் வந்த "யாரது?"வை விழுங்கிக்கொண்டேன். மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. இன்றைக்கு ஒருநாள் பொறுத்துக்கோ சாமி என்று மனசுக்குள் சொன்னேன். வெளியே ஒரு பெண்குரல் கொஞ்சியது: "செல்லம், அங்கெல்லாம் போகக் கூடாது, வா, உட்காரு." நாற்பத்தெட்டு வயது ஆம்பிளையைப் பார்த்துச் செல்லமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும் கை பாத்திரத்தைத்தான் தேய்த்தது.

மறுபடி இரண்டு தட்டல். முன்னைவிடப் பலமாக. "அப்பப்பா, எவ்வளவு சேட்டை! சாப்பிடலாம் வா" என்று அதே குரல்.

மூன்றாவது முறை தட்டியபோது கதவே அதிர்ந்தது. அதோடு ஒரு "ம்". கேள்வி கேட்பது மாதிரியான "ம்". நான் எழுந்துவிட்டேன். ஈரக் கையோடு கொக்கிவரை போனேன். மாடியில் மேடம் ஆய்வாளரிடம் பேசுகிற சத்தம் கேட்டது. திறந்தால் கரிச் சுவர், அழுக்குத் துணி, நான். கையை இறக்கிவிட்டேன். அவரை இழுத்துக்கொண்டு போகிற காலடிச் சத்தம் கேட்டது.

திரும்பி இரண்டு அடி வைத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. மேஸ்திரி ஒரு கிண்ணம் சாப்பிட முக்கால் மணி நேரம் ஆகும். வண்டி போய் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முடித்துவிட்டுக் கொடுக்க வந்தவர் இல்லை அவர். முடிக்காமல் எதற்கு வந்தார்?

கொக்கியைப் பிடுங்கித் திறந்தேன். ஜன்னல் விளிம்பில் ஒரு வெள்ளைக் கிண்ணம் இருந்தது. அதில் முழுத் துண்டுகளாகக் கோழி. ஒன்றும் தொடப்படவில்லை. என்னிடம் காட்டுவதற்காகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். எதிரே அவர் மேசையில், வண்டியிலிருந்து எடுத்த வேறொரு வெள்ளைக் கிண்ணம், அதிலும் துண்டுகள்தான். பக்கத்தில் அந்தப் பெண், கரண்டியால் அவர் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். "சமத்து, இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"ஊட்டாதே!" என்று நான் போட்ட கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். அதற்குள் மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். இருமல் இல்லை, சத்தம் இல்லை. வாய் திறந்திருந்தது. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு கையால் மேசையைத் தட்டினார், இரண்டு முறை.

பக்கத்துக் கதவு வழியாக எப்படி ஓடினேன் என்று தெரியாது. இடுப்பை வளைத்து முன்னால் குனியவைத்து, தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஓங்கி அடித்தேன். ஐந்து அடி. ஒன்றும் வரவில்லை. பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக இழுத்தேன். ஒன்று. இரண்டு. ஆறடி ஆள், என் தலை அவர் முதுகில்தான் இடித்தது. மூன்று. அவர் முழங்கால் மடிய ஆரம்பித்தது. "விடாதீங்க மேஸ்திரியாரே, விடாதீங்க" என்று அழுதுகொண்டே இழுத்தேன். நான்காவது இழுப்பில் ஒரு துண்டு பறந்துபோய்ப் பெயிண்ட் அடித்த சுவரில் ஒட்டியது. பெரிய துண்டு, கட்டைவிரல் அளவு. அவர் மூச்சை இழுத்த சத்தத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

ஆய்வாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது மேஸ்திரி தரையில் உட்கார்ந்திருந்தார், என் மேல் சாய்ந்துகொண்டு. மேஸ்திரிக்கு வைத்த மசித்த கிண்ணம் பல்லில்லாத ஒரு கிழவரின் முன்னால் இருந்தது. அவர் ஈறாலேயே எலும்பைக் கடித்துவிடுகிற ஆள். பாவம், பல் இல்லாதவருக்குத்தான் மசித்தது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். சிவப்புக் கிண்ணம் இருந்திருந்தால் நினைக்கவே வேண்டியிருக்காது.

டாக்டர் வந்து பார்த்தார். நெஞ்சு தெளிவாக இருக்கிறது, இரண்டு நாள் கண்காணியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மணிக்கு எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆய்வாளர் கயிற்றில் தொங்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். மேஸ்திரியின் தங்கச்சியும் வந்துவிட்டாள். தையற்கடையில் வேலை. ஊசி குத்திய அளவு நாடா இன்னும் கழுத்திலேயே கிடந்தது. இரவல் பெண் மூலையில் அழுதுகொண்டிருந்தாள்.

மேடம் சம்பவப் படிவத்தை எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார்.

"புதிய நபர்களைக் கண்டு கிளர்ச்சியடைந்த நிலையில், இருக்கையை விட்டு மூன்று முறை எழுந்து சென்றார். பிறருக்குரிய உணவை எடுத்து உண்டதால் அடைப்பு ஏற்பட்டது. முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரிவிக்கவில்லை."

அந்த வரி எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். எங்கள் இல்லத்தில் ராணி என்று ஒருத்தி இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு படிவத்தில் 'பிறர் உணவைப் பறிப்பவர்' என்று ஒரு வரி எழுதினார்கள். அன்றிலிருந்து பின்கட்டு அறையில், இடுப்பில் பெல்ட் போட்ட நாற்காலியில், தனியாகத்தான் சாப்பிடுகிறாள். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பறித்தது ஒரே ஒரு ரொட்டித் துண்டு. நானே அப்போது பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இனி மேஸ்திரிக்கும் அந்த நாற்காலி. அப்புறம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எங்கே நடப்பார், எந்தக் கதவைத் தட்டுவார்?

"அக்கா, சாட்சிக் கையெழுத்து" என்று மேடம் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். கண்ணால் கெஞ்சினார். இருபத்திரண்டு பேர், இதை மூடினால் எங்கே போவார்கள் என்று அந்தக் கண்ணில் இருந்தது. அது பொய்யும் இல்லை.

"அவர் எதையும் பறிக்கல மேடம்" என்றேன்.

"அக்கா, ப்ளீஸ்."

"கொடுத்ததை வேணாம்னு எடுத்துக்கிட்டு வந்தாரு. என்கிட்ட காட்ட வந்தாரு. இது என்னோடது இல்ல, மாத்திக் கொடுன்னு கேட்க வந்தாரு." படிவத்தின் கடைசி வரியில் விரலை வைத்தேன். "முன்கூட்டித் தெரிவிக்கலன்னு எழுதியிருக்கீங்களே. அவர் தெரிவிச்சாரு. எழுதிக்கோங்க. மூணு தடவ கதவைத் தட்டினாரு. சமையல்காரி உள்ளேதான் இருந்தா. அவளுக்கு நல்லாக் கேட்டுச்சு. அவ திறக்கல."

ஆய்வாளர் பேனாவை எடுத்தார்.

"ஏன் திறக்கல?" என்று கேட்டார்.

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். மாட்டிவிடத் தோன்றியது. மாட்டியும் விட்டேன், எதற்கு மறைக்க வேண்டும்? திறக்கக் கூடாதென்ற உத்தரவு, வெள்ளைக் கிண்ணம், இரவல் ஆட்கள், வாசலில் நின்ற குண்டுத் தம்பி, எல்லாவற்றையும் கொட்டினேன். ராணியின் ரொட்டித் துண்டையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் மனசு லேசாகவில்லை. உத்தரவு போட்டது மேடம்தான். கொக்கிவரை போன கை என்னுடையது.

மேஸ்திரியின் தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டு போவாள்.

"மூணு தடவையா அக்கா?" என்று கேட்டாள்.

"மூணு தடவம்மா."

கழுத்தில் கிடந்த அளவு நாடாவை இறக்கிச் சுருட்ட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இல்லத்தை மூடவில்லை. ஆறு மாதக் கெடு கொடுத்திருக்கிறார்கள். மேடம் இன்னும் இருக்கிறார், என்னிடம் மட்டும் அளந்துதான் பேசுகிறார். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன். கிண்ணங்கள் பரணிலிருந்து இறங்கிவிட்டன. எந்தக் கலர் யாருக்கு, எதனால் என்று கூடத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. ராணியைப் பெல்ட் இல்லாமல் கூடத்தில் உட்காரவைத்து ஐந்து நாள் ஆகிறது. பக்கத்தில் இருப்பவரின் ரொட்டியை ஒரு கண்ணால் பார்க்கிறாள். பார்க்கட்டும், நானும் எல்லார் ரொட்டியையும் பார்க்கிறவள்தான். ஜன்னலின் மரக்கதவை, கீல் ஆணியைக் கழற்றி நானே எடுத்துவிட்டேன்.

மேஸ்திரி சிவப்புக் கிண்ணத்தில் சாப்பிடுகிறார். பழைய மேசை, பழைய நாற்காலி. சுவரைத் தட்டுகிறார், பூசணிக்காயைத் தட்டுகிறார். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார். குண்டுத் தம்பிதான் எடுத்துவந்து தருகிறான். முதலில் நாலைந்து நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இன்றோடு பத்தொன்பது நாள்.

இன்று மத்தியானம் பொறுக்க முடியாமல் கூடத்துக்குப் போனேன். அவர் எதிரே நின்று மேசையில் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினேன். அவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். மறுபடி தட்டினேன். நிமிரவில்லை. மூன்றாவது முறை கொஞ்சம் பலமாகவே தட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

மேஸ்திரிக்கும் கேட்டது. கேட்டது என்று எனக்கு நன்றாகவே தெரியும். நாளைக்கும் போய்த் தட்டுவேன்.